எட்டா, ஆறா? எட்வர்ட்ஸியா கடல் சாமந்திகளோட உடம்பும் குடும்பக் கணக்கும்

2025-ல வியன்னா யூனிவர்சிட்டில இருந்து ஒரு ஆராய்ச்சி சயின்ஸ் அட்வான்சஸ் இதழ்ல வந்துச்சு, வந்த கையோட "கடல் சாமந்திக்கும் நம்மள மாதிரி ரெண்டு பக்க உடம்பு"ன்னு செய்தியும் ஓட ஆரம்பிச்சுது. படிச்சவங்க நிறைய பேருக்குக் குழப்பம். ஸ்கூல் புக்ல குழியுடலின்னா, அதாவது சாமந்தி, பவளம், ஜெல்லிமீன் கூட்டம்னா, ஆரச் சமச்சீர், அதாவது சைக்கிள் வீல் மாதிரி நடுவுல இருந்து எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும்னு தானே படிச்சோம், இப்ப என்ன புதுசா இடது வலதுங்கறாங்க? இன்னொரு குழப்பம் செய்தியோட வந்த படத்துல. கோமாளி மீன் உள்ள ஒளிஞ்சுக்கிற அந்தப் பெரிய பூ மாதிரி சாமந்தி அதுல இல்ல, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியிற ஒரு சின்னப் புழு, தலையில நாலு நூலு, அவ்வளவுதான்.

அந்தப் புழுவோட பேரு நெமடோஸ்டெல்லா வெக்டென்சிஸ். எட்வர்ட்ஸிடேங்கற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தோட உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சா மேல சொன்ன ரெண்டு குழப்பமும் தீரும், கூடவே கடல் சாமந்திகளை வகைப்படுத்தறதுல 2014-ல எதுக்கு அவ்வளவு பெரிய மாற்றம் பண்ணாங்கங்கறதும் புரியும். அடிப்படையில இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இங்க எல்லாமே உள்சுவர்லதான் இருக்கு, வெளித்தோற்றத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

முதல்ல சாதாரண சாமந்தி

கடல் சாமந்தின்னா ஆக்டினியாரியாங்கற வரிசை, உலகம் பூரா ஆயிரத்துக்கு மேல இனங்கள் இருக்கு. பவளத்துக்குச் சொந்தக்காரன், ஆனா சுண்ணாம்பு எலும்பு கிடையாது. உடம்பு ஒரு பை. மேல ஒரு வாய், அதுதான் உள்ள போற வழி, அதேதான் வெளிய வர்ற வழி, தனியா ஆசனவாய்னு ஒண்ணு இல்ல. வாயச் சுத்தி டென்டக்கிள்கள். நடுவுல தண்டு. கீழ பாறையில ஒட்டிக்க ஒரு தட்டு, அதைப் பாதத்தட்டுன்னு சொல்லலாம். வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவுல ஜெல்லி மாதிரி ஒரு அடுக்கு, அதுக்குப் பேரு மீசோக்ளியா.

இப்ப பைக்குள்ள போவோம். வெண்டைக்காய குறுக்க வெட்டினா உள்ள அறை அறையா தடுப்பு தெரியுமில்ல, அதே மாதிரி சாமந்தித் தண்டக் குறுக்க வெட்டினா வெளிச்சுவர்ல இருந்து நடுவ நோக்கித் தடுப்புகள் வரும். இதுக்கு மெசென்ட்ரின்னு பேரு, நாம தடுப்புன்னே வச்சுக்கலாம். சாப்பாடு செரிக்கிறது, முட்டையும் விந்தும் வளர்றது, உடம்பச் சுருக்குற தசை இருக்கிறது எல்லாம் இந்தத் தடுப்புலதான். சில தடுப்பு தொண்டைக் குழாய் வரைக்கும் போய் ஒட்டும், அது முழுத் தடுப்பு. சில தடுப்பு பாதியிலயே நின்னுடும், அது அரைத் தடுப்பு.

ஒவ்வொரு தடுப்போட ஒரு முகத்துல மட்டும் மேலிருந்து கீழ ஒரு தசைப்பட்டை ஓடும். ரிட்ராக்டர்னு சொல்றாங்க, ஆபத்துன்னா உடம்ப வெடுக்குன்னு உள்ள இழுக்கிற தசை. இது எந்த முகத்துல இருக்குங்கறத கவனமா ஞாபகம் வச்சுக்கங்க, இந்தக் கட்டுரையோட பாதி இதுல தான் நிக்குது.

சாதாரண சாமந்தில தடுப்புகள் ஜோடி ஜோடியா வரும். கணக்கு இப்படி:

1. முதல் சுத்து ஆறு ஜோடி. இதனாலதான் சாமந்தி, கல்பவளம் எல்லாத்தையும் சேர்த்து ஹெக்ஸகோரல்லியா, அதாவது ஆறுகணக்குக் கூட்டம்னு வச்சிருக்காங்க.

2. அடுத்த சுத்து இன்னொரு ஆறு ஜோடி, அப்புறம் பன்னெண்டு, அப்புறம் இருபத்தி நாலு. புதுசா வர்ற ஜோடி எப்பவும் பழைய ஜோடிக்கும் பழைய ஜோடிக்கும் நடுவுல இருக்கிற இடத்துலதான் முளைக்கும், ஒரு ஜோடியோட உள்ள முளைக்காது.

3. ஒரு ஜோடில ரெண்டு தடுப்போட ரிட்ராக்டரும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும், புருஷன் பொண்டாட்டி எதிரெதிர உக்காந்து பேசுற மாதிரி.

4. ரெண்டு ஜோடி மட்டும் இதுக்கு நேர்மாறு, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும். வாய் வட்டமா இல்லாம நீளமா பிளந்திருக்குமில்ல, அந்தப் பிளவோட ரெண்டு முனையிலயும் இவை இருக்கும். இதுக்கு டைரக்டிவ்னு பேரு, திசைகாட்டித் தடுப்புன்னு சொல்லலாம்.

நாலாவது பாயிண்டத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ரெண்டு முனை, அதுக்கு நடுவுல ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். போதாததுக்கு தொண்டையில ஒரு முனையிலயோ ரெண்டு முனையிலயோ மயிரிழைகள் நிறைஞ்ச ஒரு பள்ளம் ஓடும், தண்ணிய உள்ள தள்ற வாய்க்கால் அது, பேரு சைஃபனோகிளிஃப். ஒரே ஒரு வாய்க்கால் தான்னா அந்த முனையும் இந்த முனையும் ஒண்ணாவே இருக்க முடியாது. ஆக வெளிய பாத்தா வீல், உள்ள வெட்டிப் பாத்தா ரெண்டு பக்கம். உடற்கூறு படிச்சவங்களுக்கு இது நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச சமாச்சாரம். 2025 செய்தில புதுசு, அந்தக் கோட்ட உடம்பு எந்த மெக்கானிசத்துல போடுதுங்கறது. அதுக்குப் பின்னாடி வருவோம்.

எட்வர்ட்ஸிடே: பாதத்தட்டு இல்லாத சாமந்தி

1840-கள்ல பிரெஞ்சு விலங்கியலாளர் காத்ர்ஃபாஜ் கடலோர மணல்ல புதைஞ்சு வாழற ஒரு சின்னச் சாமந்திய விவரிச்சு, தன்னோட சக விஞ்ஞானி ஹென்றி மில்ன்-எட்வர்ட்ஸை கௌரவிக்க எட்வர்ட்ஸியான்னு பேரு வச்சாரு. அந்தப் பேருலதான் குடும்பமே இருக்கு. இன்னிக்கு இதுல தொண்ணூறுக்குப் பக்கத்துல இனங்கள், கிட்டத்தட்ட எல்லாமே சேத்துலயும் மணல்லயும் உடம்பப் புதைச்சுக்கிட்டு டென்டக்கிள மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ரகம். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்ல இருந்து சில சென்டிமீட்டர் வரைக்கும்.

பாறையில ஒட்டவே வேண்டாம்ங்கறப்ப பாதத்தட்டு எதுக்கு? அதனால இல்ல. அதுக்குப் பதிலா கீழ் முனை ஒரு பல்ப் மாதிரி உருண்டையா இருக்கும், பேரு ஃபைசா. உடம்புக்குள்ள இருக்கிற தண்ணிய அழுத்தி இந்த பல்ப ஊத வச்சா அது சேத்துக்குள்ள நங்கூரம் மாதிரி பிடிச்சுக்கும், அப்புறம் மேல் உடம்ப கீழ இழுத்துக்கும், மறுபடி பல்ப சுருக்கி இன்னும் கொஞ்சம் ஆழமா நுழைக்கும். மண்புழு எப்படி போகுதோ கிட்டத்தட்ட அதே டெக்னிக். ஃபைசாவுக்கு மேல நீளமா இருக்கிற பகுதி ஸ்கேபஸ், இதுல மேல ஒரு சட்டை மாதிரி உறை இருக்கும், மணல் துகள் எல்லாம் ஒட்டிக்கிட்டு அழுக்கா தெரியும். ஸ்கேபஸுக்கு மேல சட்டையில்லாத கழுத்துப் பகுதி, அதுக்கு மேல வாயும் டென்டக்கிள்களும்.

இன்னும் ரெண்டு "இல்லை" இருக்கு. நிறைய சாமந்திகள்ல தண்டோட மேல் விளிம்புல சுருக்குப்பை நாடா மாதிரி ஒரு வளையத் தசை இருக்கும், டென்டக்கிள உள்ள இழுத்துக்கிட்டு மேல மூடிக்க. இந்தக் குடும்பத்துல அது கிடையாது. சில சாமந்திகள தொந்தரவு பண்ணினா உடம்புச் சுவர்ல இருக்கிற ஓட்டை வழியா கொட்டும் செல்கள் நிறைஞ்ச வெள்ளை நூல வெளிய விடும், அக்கோன்ஷியான்னு பேரு, அதுவும் கிடையாது.

எட்டுக் கணக்கு

இனிதான் விஷயமே. எட்வர்ட்ஸியாவ குறுக்க வெட்டினா உள்ள பெருசா, தசையோட, முட்டை வளர்ற தடுப்பு எட்டே எட்டுதான் தெரியும். ஆறுகணக்குக் கூட்டத்துல எட்டு எங்க இருந்து வந்துச்சு? மென்பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் ஆக்டோகோரல்லியான்னு வேற ஒரு பெரிய கூட்டம், அவங்களுக்குத்தான் எட்டுத் தடுப்பு, எட்டு டென்டக்கிள். அப்ப இது அந்தக் கூட்டமா?

இல்ல. எண்ணிப் பாத்தா ஒண்ணுதான், தசை எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தா வேற. மென்பவளத்துல எட்டுத் தடுப்போட ரிட்ராக்டரும் ஒரே பக்கம், அந்த வாய்க்கால் இருக்கிற பக்கத்தப் பாத்து நிக்கும். எட்வர்ட்ஸியால அப்படி இல்ல. எட்டுல நாலு, ரெண்டு முனையில இருக்கிற திசைகாட்டி ஜோடிகள், சாதாரண சாமந்தி மாதிரியே முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. மீதி நாலு தடுப்பு பக்கவாட்டுல, ஒரு பக்கத்துக்கு ரெண்டு, தனித்தனியா, அது நாலும் ஒரே முனையப் பாத்து நிக்குது. ஜோடி இல்லாம ஒத்தையா நிக்குது பாருங்க, அதுதான் விசித்திரம்.

ஒத்தையா? இன்னும் கொஞ்சம் மேல, டென்டக்கிளுக்குப் பக்கத்துல வெட்டிப் பாத்தா அந்த நாலு தடுப்புக்குப் பக்கத்துலயும் ஒரு குட்டித் தடுப்பு இருக்கும். தசை இல்ல, முட்டை இல்ல, கொஞ்ச தூரம் இறங்கிட்டு முடிஞ்சுபோயிடும். அதுக்கு மைக்ரோநீம்னு பேரு, பெருசுகளுக்கு மேக்ரோநீம். இப்ப கூட்டிப் பாருங்க: நாலு ஒத்தைத் தடுப்பு, அதுங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு சவலைப் பிள்ளை ஜோடி, ஆக நாலு ஜோடி, அதோட ரெண்டு திசைகாட்டி ஜோடி. ஆறு! எட்டுன்னு நம்ம கண்ணு ஏமாந்தது, உள்ளுக்குள்ள அது பழைய ஆறு ஜோடிக் கணக்குதான், நாலு பேரு மட்டும் வளராம நின்னுட்டாங்க.

இதுல இன்னொரு சுவாரசியம். சாதாரண சாமந்தியோட குஞ்சு வளர்றப்பவும் பன்னெண்டு தடுப்பும் ஒரேயடியா வர்றதில்ல, முதல்ல எட்டு வந்து கொஞ்ச நேரம் நின்னு அப்புறம்தான் மீதி நாலு வளரும். அந்த இடைநிலைக்குக் கருவியல்ல எட்வர்ட்ஸியா நிலைன்னே பேரு. அதனால பழைய காலத்துல பலர் எட்வர்ட்ஸியாதான் எல்லாச் சாமந்திக்கும் பாட்டன், மத்தவங்க அந்தப் படியத் தாண்டி வளர்ந்தவங்கன்னு நினைச்சாங்க. நியாயமான யூகம்தான், ஆனா அதே உண்மைய நேர் எதிரா வாசிக்கலாம்: இது பாட்டன் இல்ல, குழந்தைப் பருவத்துலயே நின்னுபோன பேரன். மூணாவதா, சேத்துல புதைஞ்சு ஒல்லியா வாழணும்னா நிறைய தடுப்பு இடைஞ்சல், அதனால குறைஞ்சுபோச்சுன்னும் சொல்லலாம். எளிமையா இருக்கறதெல்லாம் பழசுன்னு அர்த்தம் இல்லங்கறத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல போவோம்.

குடும்பத்துக்குள்ள யார் யார்

பேரினங்களப் பிரிக்கறதுக்குப் பெரும்பாலும் ஸ்கேபஸையும் ஃபைசாவையும்தான் பாக்கறாங்க.

எட்வர்ட்ஸியாவுக்கு ஸ்கேபஸ்ல நெமதைபோம்னு சின்னச் சின்ன மருக்கள் இருக்கும், மீசோக்ளியாக்குள்ள பதிஞ்ச குழிப்பை, உள்ள பூரா கொட்டும் செல்கள். ஃபைசாவும் இருக்கும். ஸ்கோலாந்தஸுக்கு நெமதைபோம் உண்டு, ஆனா தனியா ஃபைசா கிடையாது, அடி முனை வரைக்கும் மருதான். எட்வர்ட்ஸியெல்லாவுக்கு சட்டை உண்டு, மரு கிடையாது. நெமடோஸ்டெல்லாவுக்கு மருவும் இல்ல, ஆனா வேற எந்தச் சாமந்தியிலயும் இல்லாத ஒண்ணு இருக்கு: வயித்துக்குள்ள கொட்டும் செல்கள் நிறைஞ்ச குட்டி உருண்டைகள் தானா நீந்திக்கிட்டுத் திரியும். நெமடோசோம்னு பேரு. முட்டையிடறப்ப சுத்தி வர்ற ஜெல்லில கூட இதுங்க போய் உக்காந்துக்கும்.

2018-ல ஜப்பான்ல இருந்து ஒரு புதுப் பேரினம் வந்துச்சு, டெம்புராக்டிஸ் ரிங்காய். இது சேத்துல இல்ல, ஒரு கடற்பஞ்சுக்குள்ள புதைஞ்சு வாழுது. பஞ்சோட சேர்த்துப் பாக்க மாவுல முக்கிப் பொரிச்ச எறா மாதிரி இருந்ததால டெம்புரான்னே பேரு வச்சுட்டாங்க. வகைப்பாட்டுல வேலை பாக்கறவங்களுக்கு நகைச்சுவை இல்லன்னு யாரும் சொல்லக் கூடாது.

நம்ம பக்கமும் இந்தக் குடும்பம் உண்டு. பரங்கிப்பேட்டைல இருந்து கிடைச்ச எட்வர்ட்ஸியா ஜோன்சியைங்கற இனத்தை 1969-ல சேஷையாவும் கட்ரெஸ்ஸும் விவரிச்சாங்க. அண்ணாமலை யூனிவர்சிட்டியோட பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் நிலையத்தை உருவாக்கின அதே ஆர்.வி. சேஷையாதான்.

பேரினம் வரைக்கும் இப்படிப் போயிடலாம், இனம்னு வர்றப்ப கஷ்டம். உயிரோட பிடிச்சத அப்படியே ஃபார்மலின்ல போட்டா சுருங்கி ஒரு பருப்பு மாதிரி ஆயிடும், தடுப்பும் தசையும் ஒண்ணோட ஒண்ணு நசுங்கிடும். அதனால முதல்ல மெதுவா மயக்கம் கொடுத்து நீள வச்சு, அப்புறம் பதப்படுத்தி, மெழுகுல பதிச்சு, மெல்லிசா சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கணும். அதோட டென்டக்கிள், தொண்டை, தடுப்பு ஓரம், மரு ஒவ்வொண்ணுல இருந்தும் கொட்டும் செல்கள எடுத்து நசுக்கி வகை வகையா பிரிச்சு மைக்ரான் கணக்குல அளக்கணும். டென்டக்கிள எண்ணி முடிச்சுக்கலாமேன்னா அதுவும் நம்ப முடியாது. நெமடோஸ்டெல்லா குட்டிக்கு முதல்ல நாலு டென்டக்கிள், வளர்ந்ததுக்குப் பெரும்பாலும் பதினாறு, நடுவுல எப்ப அடுத்தது முளைக்கும்ங்கறது அதுக்குக் கிடைக்கிற சாப்பாட்டப் பொறுத்ததுன்னு 2020-ல காட்டிட்டாங்க. பட்டினி கிடந்தவன் வேற இனம்னு ஆயிடக்கூடாதில்ல.

1949 கணக்கும் 2014 கணக்கும்

ரொம்ப வருஷம் எல்லாரும் பின்பற்றினது ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கார்ல்கிரன் 1949-ல வெளியிட்ட வகைப்பாடு. அசுர உழைப்பு, இன்னிக்கும் பேரினத்தோட இலக்கணம் வேணும்னா அதைத்தான் புரட்டறாங்க. அதுல ஒரு முக்கியமான பிரிவு அடித்தசைய வச்சு. பாதத்தட்டுல தசை இருந்தா தெனாரியா, இல்லன்னா அதெனாரியா. எட்வர்ட்ஸிடே, ஹால்கேம்பிடே, ஹாலோகிளாவிடேன்னு புழு மாதிரி புதைஞ்சு வாழறதெல்லாம் அதெனாரியாக்குள்ள போச்சு. மெட்ராஸ்ல இருந்து 1938-ல பணிக்கர் விவரிச்ச பீச்சியாவும் ஹாலோகிளாவிடே தான், அதாவது அந்தக் கணக்குப்படி எட்வர்ட்ஸியாவுக்கு பங்காளி.

சிக்கல் எங்கன்னா, அதெனாரியாங்கறது ஒண்ணு "இருக்கிறத" வச்சுச் சேர்த்த கூட்டம் இல்ல, ஒண்ணு "இல்லாதத" வச்சுச் சேர்த்த கூட்டம். கை கால் இல்லாததெல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னா பாம்பு, விலாங்கு, மண்புழு மூணும் சொந்தக்காரங்க ஆயிடும். ஒண்ணப் புதுசா உருவாக்குறது கஷ்டம், இழக்கறது சுலபம், அதுவும் புதைஞ்சு வாழற வாழ்க்கைக்குப் பாதத்தட்டு எல்லாருக்குமே வேண்டாத சுமை, அவங்கவங்க தனித்தனியா கழட்டிப் போட்டிருப்பாங்க.

2014-ல எஸ்தஃபேனியா ரோட்ரிகஸ், மேரிமேகன் டேலி உட்பட ஒரு குழு பிளாஸ் ஒன் இதழ்ல ஆக்டினியாரியா வரிசையையே அஞ்சு ஜீன்கள் வச்சு திரும்ப அடுக்கினாங்க. மூணு மைட்டோகாண்ட்ரியாவுல இருந்து, ரெண்டு நியூக்ளியஸ்ல இருந்து. வந்த மரத்துல அதெனாரியா சிதறிப்போச்சு. ஹாலோகிளாவிடே போய் ஆக்டினியாய்டியா கூட்டத்துல உக்காந்துச்சு, கோமாளி மீன் வாழற சாமந்திகளும் அதுலதான் இருக்கு. ஹால்கேம்பிடே போய் மெட்ரிடியாய்டியால சேர்ந்துச்சு, அந்த வெள்ளை நூல் விடற கூட்டம். எட்வர்ட்ஸிடே ரெண்டுலயும் இல்ல.

அது போய் நின்ன இடம்தான் யாரும் எதிர்பார்க்காதது. ஆழ்கடல்ல வாழற ஆக்டினெர்னிடே, ஹால்குரிடேன்னு ரெண்டு குடும்பம் இருக்கு, சதைப்பிடிப்பா, பாதத்தட்டோட, எட்வர்ட்ஸியாவுக்குப் பக்கத்துல வச்சா யாரும் அண்ணன் தம்பின்னு சொல்ல மாட்டாங்க. அவங்களும் எட்வர்ட்ஸிடேயும் சேர்ந்து ஒரு கிளை, மீதி எல்லாச் சாமந்தியும் இன்னொரு கிளை. முதல் கிளைக்கு அனெந்திமோனே, ரெண்டாவதுக்கு எந்திமோனேன்னு புதுசா துணைவரிசைப் பேரு வச்சாங்க.

உருவத்துல ஒத்துமையே இல்லாதவங்கள எது சேர்க்குதுன்னு கேட்டா, மறுபடி தடுப்புதான். முன்னாடி சொன்ன ரெண்டாவது பாயிண்ட் ஞாபகம் இருக்கா, புது ஜோடி எப்பவும் ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுலதான் வரும்னு? எந்திமோனே எல்லாம் பொதுவா அந்த விதிப்படிதான் நடக்குது. ஆக்டினெர்னிடேயும் ஹால்குரிடேயும் அத மீறுதுங்க, பின்னாடி வர்ற தடுப்புகள் பக்கவாட்டு ஜோடியோட உள் இடத்துக்குள்ளயே முளைக்குது. எட்வர்ட்ஸிடே எட்டுப் பெருசோட நின்னுடுது. ஆக அனெந்திமோனேவுல யாருமே அந்த வழக்கமான தடுப்பு வரிசைய பின்பற்றல. சரியா பாத்தா இதுவும் "இல்லாததை" வச்சுச் சொல்ற அடையாளம் மாதிரிதான் கேக்குது, அந்த விமர்சனம் நியாயம் தான். வித்தியாசம் என்னன்னா இங்க கூட்டத்தைச் சேர்த்தது அந்த அடையாளம் இல்ல, ஜீன்கள். அடையாளத்த பின்னாடிதான் தேடினாங்க.

ஜீன் வந்துட்டா இனிமே வெட்டிப் பாக்கவே வேண்டாமேன்னு நினைக்கவும் முடியாது. பவளம், சாமந்தி கூட்டத்துல மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ரொம்ப மெதுவா மாறும். மீன், பூச்சியில எல்லாம் இனத்துக்கு இனம் பட்டுனு பிரிச்சுக் காட்டற அந்த பார்கோடு ஜீன் இங்க ரெண்டு வேற இனத்துக்கும் ஒரே மாதிரி வந்து நிக்கும். பெரிய கிளைகளச் சொல்ல டிஎன்ஏ, பக்கத்து வீட்டு இனங்களப் பிரிக்க இன்னும் மெழுகும் கத்தியும்.

இதனால என்ன ஆகுது

1. நெமடோஸ்டெல்லாவ "ஒரு சராசரி சாமந்தி"ன்னு எடுத்துக்கறப்ப ஜாக்கிரதையா இருக்கணும். 1992-ல கேடட் ஹேண்டும் கெவின் உலிங்கரும் இத லேப்ல எப்படி வளர்க்கறதுன்னு முழு முறையும் எழுதினாங்க, அதுல இருந்துதான் லேப்ல இதோட நட்சத்திர வாழ்க்கை ஆரம்பம். உப்பு குறைஞ்ச தண்ணி போதும், முட்டை விட்டு ரெண்டு நாள்ல நீந்துற லார்வா, ஒரு வாரம் பத்து நாள்ல நாலு டென்டக்கிளோட குட்டி. 2007-ல ஜீனோம் வந்துச்சு, சுமார் 18,000 ஜீன், அதோட அமைப்பு ஈ, உருண்டைப்புழுவ விட முதுகெலும்பிகளோட நெருக்கமா இருந்ததுதான் அன்னிக்கு எல்லாரையும் நிமிர்ந்து உக்கார வச்சுது. 2018-ல ஹாக்ஸ் ஜீன்கள நிறுத்திப் பாத்தாங்க, எட்டு அறைக்கும் நடுவுல இருக்கிற எல்லைகள் குழம்பிப்போச்சு, அதாவது நாம எண்ணிக்கிட்டு இருந்த அந்த எட்டப் போடறது நம்ம முதுகெலும்புக்கு வரிசை போடற அதே ஜீன் குடும்பம். 2025 ஆராய்ச்சி சொன்னது இதோட அடுத்த படி: பிஎம்பிங்கற புரோட்டீன கார்டின்ங்கற இன்னொரு புரோட்டீன் ஒரு பக்கத்துல இருந்து தூக்கிட்டுப் போய் எதிர்ப்பக்கம் இறக்குது, அதனால ரெண்டு பக்கம் உருவாகுது, தவளையிலயும் ஈயிலயும் முதுகு வயிறு பிரியற அதே லோடு தூக்கற முறை. இது பொதுவான மூதாதையர்கிட்ட இருந்து வந்திருக்கலாம், தனித்தனியாவும் தோணியிருக்கலாம். செய்தில முதல் பாதிய மட்டும் போட்டுட்டாங்க.

2. ஒரே உயிருக்கு ரெண்டு மூணு பேரு வர்ற தொல்லை. நெமடோஸ்டெல்லா வெக்டென்சிஸ்ங்கற பேர 1935-ல ஸ்டீஃபன்சன் வச்சாரு, இங்கிலாந்தோட வைட் தீவுல கிடைச்சதால, அந்தத் தீவுக்கு லத்தீன்ல வெக்டிஸ். 1946-ல அமெரிக்காவுல குரோவெல் அதே உயிரப் பாத்து நெமடோஸ்டெல்லா பெல்லுசிடான்னு வேற பேரு வச்சாரு, பின்னாடிதான் ரெண்டும் ஒண்ணுன்னு ஆச்சு. எட்வர்ட்ஸியெல்லா லீனியேட்டாவோட கதை இன்னும் மோசம், அங்க ஒரே உயிரோட உருவமே நடுவுல மாறிடும். அதோட லார்வா நீமியாப்சிஸ்ங்கற சீப்பு ஜெல்லிக்குள்ள புகுந்து அது தின்னத உறிஞ்சிக்கிட்டு வாழும், அப்ப பாக்க நெளியிற புழு, டென்டக்கிள் கூடக் கிடையாது. வெளிய வந்து சாதாரண லார்வாவா மாறி அப்புறம் தரையில உக்காந்து சாமந்தி ஆகும். 1993-ல நியூயார்க் லாங் ஐலண்ட் கடற்கரையில குளிச்சவங்களுக்கு நீச்சல் டிரெஸ்ஸுக்கு அடியில தடிப்பு தடிப்பா வந்ததுக்கு இந்த லார்வாதான் காரணம்னு மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதே அரிப்புக்கு ஃப்ளோரிடாவுல காரணம் ஒரு ஜெல்லிமீனோட லார்வா. நோய் ஒண்ணு, ஆள் வேற.

3. எங்க தேடணும்ங்கறதும் மாறுது. சேத்துல வாழற குடும்பம்னு முடிவு பண்ணி வச்சிருந்தோம். 2010-ல அண்டார்டிகாவுல ராஸ் பனித்தட்டுல சுடுதண்ணி டிரில் வச்சு ஓட்டை போட்டு, ரோபோ கேமராவ இறக்கிச் சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. 250 மீட்டருக்கும் மேல தடிமனான பனிக்கட்டியோட அடிப்பக்கத்துல ஆயிரக்கணக்குல சாமந்தி தலைகீழா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, உடம்பு பனிக்குள்ள, டென்டக்கிள் தண்ணில. 2013-ல டேலியும் கூட்டாளிகளும் எட்வர்ட்ஸியெல்லா ஆண்ட்ரில்லேன்னு பேரு வச்சாங்க, அந்த டிரில்லிங் திட்டத்தோட பேரு ஆண்ட்ரில். பனிக்குள்ள வாழற சாமந்தின்னு அதுவரை ஒண்ணு கூடத் தெரியாது. வெட்டிப் பாத்தா அதே எட்டு.

4. பாதுகாப்புச் சட்டமும் இந்த அடையாளக் குழப்பத்துல மாட்டிக்கிது. இங்கிலாந்துல நெமடோஸ்டெல்லா அபூர்வமான உள்ளூர் உயிர்னு 1988-ல வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க, உப்பங்கழிய மண்ணப் போட்டு மூடணும்னா கூட இதக் கேட்டுட்டுத்தான் செய்யணும். அப்புறம் ஜீன வச்சுப் பல நாட்டுக் கூட்டங்கள ஒப்பிட்டுப் பாத்தப்ப சொந்த ஊரு வட அமெரிக்காவோட அட்லாண்டிக் கரைன்னு வந்துச்சு, இங்கிலாந்துக்கு மனுஷன் மூலமா வந்த விருந்தாளி, அங்க பல இடங்கள்ல இருக்கிறதெல்லாம் ஒரே பெண்ணோட நகல். இது உடம்ப குறுக்க ரெண்டா கிள்ளிக்கிட்டு ரெண்டு சாமந்தி ஆகிடும், ஆம்பளையே தேவையில்ல. ஆனா அந்த உப்பங்கழிகள்ல இதோட சேர்ந்து வாழற, உண்மையிலயே உள்ளூர்க்காரங்களான நத்தை, எறா, புழுவெல்லாம் இத்தனை வருஷம் தப்பிச்சதுல இந்த வெளிநாட்டுக்காரிக்கும் ஒரு பங்கு உண்டு.